செக் எஞ்சின் விளக்குக்கு எந்த ஸ்கேனர்? ஏற்காடு ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஓர் ஒப்பீடு

அடிவாரம் தாண்டி ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிய வண்டி, இரண்டாம் கியரில் உதறுகிறது. இழுவை இல்லை. மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு பொருள், மினுக்கினால் வேறு பொருள். மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும். அந்தக் கன்வெர்ட்டரின் விலைக்கு நாலைந்து நல்ல ஸ்கேனர் வாங்கலாம். ஆகவே ஆக்சிலேட்டரை விட்டு, அகலமான வளைவு பார்த்து ஓரம் கட்ட வேண்டும். விளக்கு நிலையாக எரிந்து, ஹீட் முள்ளும் ஆயில் விளக்கும் சரியாக இருந்தால், மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரலாம்.

இரண்டிலும் அடுத்த வேலை ஸ்கேன் போடுவதுதான். சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சம் வரை ஸ்கேனர்கள் கிடைப்பதால் எதை வாங்குவது என்ற குழப்பம் வருகிறது. விலை கூடினால் அதிகக் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்) படிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினின் பொதுவான கோடுகளைப் படிப்பதில் 700 ரூபாய்க் கருவிக்கும் 70,000 ரூபாய்க் கருவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஓடும்போது அளவுகளை எவ்வளவு வேகமாகக் காட்டுகிறது, ஏபிஎஸ், ஏர்பேக் போன்ற மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசுமா, வண்டிக்குக் கட்டளை கொடுத்து ஒரு பாகத்தை இயக்கிப் பார்க்க முடியுமா என்பவை அவை. இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கருவி தானாகத் தேர்வாகிவிடும்.

கோட் என்பது பாகத்தின் பெயர் அல்ல

"ஸ்கேன் போட்டுப் பாத்துட்டேன் சார், சென்சார் போச்சு" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: "எந்த கோட்ணா வந்துச்சு? ஃப்ரீஸ் ஃப்ரேம்ல என்ன இருந்துச்சு?" கோட் பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு பாரத்தில் ஓடியது என்பதை ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஒரு படம் போலச் சேமித்து வைக்கும். அதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். அதைக் காட்டாத கருவியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பி0301 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பது மட்டுமே அதன் பொருள். காயிலா (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது), பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று கோட் சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டியில் அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. எஞ்சின் ஆறியதும் 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0301 வந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். இவ்வளவுக்கும் 700 ரூபாய்க் கருவி போதும். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து சிலிண்டரை எண்ண வேண்டும்.

பி0171 வந்தால் கதை வேறு. கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது கோட். பல இடங்களில் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள், ஆனால் அது செய்தி சொன்னவன் மட்டுமே. லைவ் டேட்டாவில், அதாவது ஓடும்போதே திரையில் வரும் அளவுகளில், நீண்டகால ஃப்யூயல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள். ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதே அது. கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 4 சதவீதத்துக்கு இறங்கினால் எங்கோ வேக்யூம் ஹோஸ் வெடித்துக் காற்று உறிஞ்சுகிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில் பாரம் ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் பம்ப்பும் ஃபில்டரும் பக்கம் போங்கள், அல்லது அழுக்கேறிய காற்று அளவு சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள். கோட் மட்டும் படிக்கும் கருவி இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. லைவ் டேட்டா காட்டும் கருவி சொல்லிவிடும்.

முதலில் வண்டியின் வாயைப் பாருங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, பானெட் திறக்கும் லீவரின் பக்கத்தில், 16 பின் உள்ள சரிவக வடிவச் சாக்கெட் இருக்கும். 16-ஆம் பின்னில் பேட்டரி பாசிட்டிவ், 4-இலும் 5-இலும் எர்த். 6-இலும் 14-இலும் கேன் வழி, 7-இல் பழைய கே-லைன்; இரண்டும் ஸ்கேனர் ஈசியூவோடு பேசும் கம்பிகள்.

சாக்கெட் இருப்பதாலேயே வண்டி பேசிவிடும் என்று இல்லை. பிஎஸ்-4 என்ற புகை மாசு விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் வந்தது. சேலம் உட்பட நாடு முழுக்க அது கட்டாயமானது 2017 ஏப்ரலில். பிஎஸ்-4 கார்களுக்கு, கோளாறைச் சொல்லும் பொதுவான முறையான ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். ஆகவே சேலத்தில் பதிவான 2011, 2012 மாடல் கார் ஒன்று பிஎஸ்-3 ஆக இருக்கலாம். அதில் 16 பின் இருந்தாலும் பொதுவான ஓபிடி மொழி பேசாமல், அந்த நிறுவனத்தின் சொந்த மொழியை மட்டும் பேசலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு மலிவு டாங்கிள் (சாக்கெட்டில் செருகிப் போனோடு இணைக்கும் குட்டிக் கருவி) எதுவும் ஒத்து வராது. பிஎஸ்-6 வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிந்தையது என்றால் இந்தக் கவலை இல்லை.

மலையில் இன்னும் ஓடும் பழைய எஸ்டேட் டீசல் ஜீப்புகளுக்கு மெக்கானிக்கல் பம்ப். அவற்றுக்கு ஸ்கேனரே கிடையாது, காதும் அனுபவமும்தான்.

ஸ்கேனர் விளக்கே எரியவில்லை என்றால் கருவியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் சாக்கெட்டுக்கும் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ். யாரோ மலிவான போன் சார்ஜரைச் செருகி அதை எரித்திருப்பார்கள்.

மலிவு டாங்கிள்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் நீலநிற, கருநிறக் குட்டி டாங்கிள்கள் எல்லாமே, வண்டியின் மொழியைப் போனுக்கு மாற்றிச் சொல்லும் இஎல்எம்327 சிப்பின் நகல்கள். அசல் சிப்பைச் செய்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். அது 2022-இல் கடையை மூடிவிட்டது. நகல்களின் பெட்டியில் 1.5 அல்லது 2.1 என்று போட்டிருக்கும். 1.5 என்ற பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிட்டதே இல்லை. 2.1 என்று அச்சிட்ட நகல்களில் பல, கட்டளைகள் பாதி வெட்டப்பட்டவை. இவை மூன்று இடங்களில் காலை வாரும். கே-லைன் வண்டியில் இணைப்பே வராது. நீளமான பதில் வந்தால் பாதியில் குழம்பும். லைவ் டேட்டா நொடிக்குச் சில மதிப்புகள்தான் வரும், எட்டுப் பத்து அளவுகளை ஒரே திரையில் போட்டால் எல்லாம் ஊர்ந்து நகரும்.

வாங்கிய அன்றே மூன்று சோதனை செய்யுங்கள். ஆப்பில் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள், 17 எழுத்தும் முழுதாக வர வேண்டும் (சில பழைய வண்டிகள் இதைத் தராது, பிஎஸ்-6 வண்டி தரும்). ஆப்பின் டெர்மினலில் ஏ, டி, ஆர், வி என்ற நாலு ஆங்கில எழுத்தை அடித்தால் பேட்டரி வோல்டேஜ் வரும். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த டாங்கிள் சொல்லும் வோல்டேஜை நம்பாதீர்கள். கடைசியாக ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள், கைசுடும் அளவு சூடேறினால் திருப்பிவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வகை புளூடூத் டாங்கிள் ஐபோனோடு சேராது. புளூடூத் 4.0 எல்இ வகை அல்லது வைஃபை வகைதான் வேண்டும். வைஃபை வகையில் போன் டாங்கிளைப் பிடித்துக்கொள்வதால் இணையம் அறுந்துபோகும். மலைப்பாதையில் மேப்பும் ஸ்கேனும் ஒன்றாக வேண்டும் என்றால் அது தொல்லை.

நல்ல டாங்கிள்: வீட்டுக்கு ஒரு கார் உள்ளவர்களுக்கு இதுவே போதும்

இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை வீகேட் ஐகார் புரோ, வீலிங்கர் வகைகள் கிடைக்கின்றன. அதைவிடப் பல மடங்கு விலையில் ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ் இருக்கிறது. வேகத்திலும் நம்பகத்திலும் ஓபிடிலிங்க் முந்தும், ஆனால் ஒரே ஒரு வீட்டுக் காருக்கு அந்தப் பணம் தேவையில்லை. கார் ஸ்கேனர், டார்க் புரோ, ஓபிடி ஃபியூஷன் போன்ற ஆப்களில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கார் ஸ்கேனரில் உங்கள் வண்டியின் புரொஃபைலைத் தேர்ந்தால் சில வண்டிகளில் ஏபிஎஸ் கோடுகளையும் டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அளவுகளையும் எடுத்துத் தரும். இலவசப் பதிப்பில் உங்கள் வண்டி இணைகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டாங்கிளைச் செருகியே விட்டுவிடும் பழக்கம் பேட்டரியைத் தின்னும். தூங்கத் தெரியாத டாங்கிள் ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, பத்து நாளில் 12. சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. வெளியூர் போய்விட்டு வந்து செல்ஃப் அடித்தால் வோல்டேஜ் சரிந்து, இல்லாத கோளாறுக்கெல்லாம் யு வரிசைக் கோடுகள் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்பவை) வரிசையாக வந்து நிற்கும். நிறைய கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

வயர் உள்ள கையடக்க ரீடர்

போன் வேண்டாம், ஆப் வேண்டாம், செருகினால் திரை எரிய வேண்டும் என்பவர்களுக்கு லாஞ்ச், ஆட்டெல் போன்ற நிறுவனங்களின் சின்ன ரீடர்கள் உண்டு. மின்சாரத்தைச் சாக்கெட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இணைப்பு அறுந்துபோகாது, கிரீஸ் கையோடு பிடிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் எல்லோர் கைக்கும் போகும் கருவியாக இருந்தால் டாங்கிளைவிட இது நல்லது. குறை: பி1 என்று தொடங்கும் நிறுவனத்தின் சொந்தக் கோடுகளுக்கு எண்ணை மட்டும் காட்டி விளக்கம் சொல்லாமல் விட்டுவிடும், அளவுகளின் வரைபடமும் சின்னத் திரையில் கண்ணுக்குப் பிடிபடாது.

கட்டளை கொடுக்கும் டேப்லெட்

ஆட்டெல் எம்கே808, லாஞ்ச் எக்ஸ்431 வரிசை போன்றவை இந்த வகை. சில பத்தாயிரங்களில் தொடங்கும். தொழில் செய்யாதவருக்கு இது வீண் செலவு. தொழில் செய்பவருக்கு இது இல்லாமல் பிஎஸ்-6 வண்டியைத் தொட முடியாது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் எண்ணை ஈசியூவில் ஏற்ற வேண்டும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் வண்டியில் பின் பிரேக் பேட் மாற்ற, அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியைக் கழுவினால் அதை ஈசியூவுக்கு மறுபடி பழக்க வேண்டும்.

சேர்வராயன் மலைக்கு மிக முக்கியமானது டிபிஎஃப். நாகலூர், மஞ்சக்குட்டை என்று எஸ்டேட்டுக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டியில், இந்த ஃபில்டரில் புகைக்கரி சேரும். அதை எரிக்கப் போதிய சூடு வருவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஆரம்ப நிலை என்றால் கருவியே தேவையில்லை. சேலம்–சங்ககிரி நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் வண்டி தானே எரித்துக்கொள்ளும். கரி மிஞ்சியதைச் சொல்லும் பி2463 வந்து இழுவையையும் குறைத்துவிட்டால் ஸ்கேனரிலிருந்து கட்டாய ரீஜெனரேஷன் (கரியை எரிக்கும் வேலை) கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது டிபிஎஃப் 600 டிகிரியைத் தொடும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் சருகு மேல் நிறுத்தி இதைச் செய்வது தீ வைப்பதற்குச் சமம். வெறுந்தரை, திறந்தவெளி, டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல், சூடான எஞ்சின் ஆகிய நான்கும் வேண்டும். முடிந்ததும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் டீசல் ஆயிலில் இறங்கி மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

டேப்லெட் வாங்கும்போது கேட்க வேண்டியவை: முதல் ஆண்டுக்குப் பிறகு அப்டேட் கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் பழைய வண்டிகளை மட்டுமாவது படிக்குமா, மாருதி, டாடா, மஹிந்திரா மெனு இந்தியாவுக்கானதா. விற்பவர் திரையில் காட்டும் பட்டியலை நம்பாமல், உங்களிடம் அதிகம் வரும் இரண்டு வண்டிகளை எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பட்டியலில் பெயர் இருந்து, உள்ளே எஞ்சின் மட்டும் திறந்து ஏபிஎஸ் திறக்காத கருவிகள் ஏராளம்.

திருட்டு மென்பொருளோடு லேப்டாப்பில் ஓடும் நகல் கருவிகளைப் படிப்பதற்கே தயங்க வேண்டும், ஈசியூவில் எழுதவே கூடாது. எழுதும்போது இணைப்பு அறுந்தால் ஈசியூ செத்த கல். நல்ல கருவியிலும் கோடிங் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் 12.5-க்குக் கீழே இறங்காமல் நிலையான பவர் சப்ளை கொடுங்கள். சாவி பதிவு, ஈசியூ மென்பொருள் மாற்றம் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான் வழி.

லாரிக்காரர்கள் கவனத்துக்கு

கொண்டலாம்பட்டி, சங்ககிரி பக்கம் லாரிகளிலும் இதே 16 பின் சாக்கெட்டைப் பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பது 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் டாங்கிளைச் செருகினால் கருகிப்போகும். 24 வோல்ட் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் போதாது, லாரிகள் பேசும் ஜே1939 மொழி அதற்குத் தெரியுமா என்றும் பார்க்க வேண்டும்.

மலையே சோதனைச் சாலை

எந்தக் கருவி வாங்கினாலும் அதைச் சோதிக்க ஏற்காடு போல ஒரு இடம் சமவெளிக்காரர்களுக்கு வாய்க்காது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500-க்கு மேல். எஞ்சினை ஓட விடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். ஐந்து ரோட்டில் 98 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும், ஏரிக்கரையில் 84, 85. இரண்டு இடத்திலும் ஒரே எண் நின்றால் சென்சார் பழுது, அல்லது ஆப் உங்களுக்குப் பழைய மதிப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டில் பிக்கப் குறைவது கோளாறு இல்லை என்பதும் இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். காற்றே ஏழில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்திருக்கிறது.

ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் கையில் போனைக் கொடுத்து நாலே அளவுகளைத் திரையில் வையுங்கள்: கூலன்ட் சூடு, நீண்டகால ஃப்யூயல் டிரிம், எஞ்சின் பாரம், வேகம். 20 வளைவுகளும் முடிந்து மேலே போய் ஐடிலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கி, சூடு ஏறி இறங்க வேண்டும். ஃபேன் ஓடியும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர் அடைப்பு பக்கம் பாருங்கள். இறங்கும்போது கியரில் வண்டி உருளும். ஆக்சிலேட்டர் விட்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும், சாதாரண வகை முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்குக் கீழே விழும். அது சரியான நடத்தை. கூலன்ட் 70 டிகிரிக்குக் கீழே சரிந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. சில நாளில் பி0128 வரும், அதற்கு முன்பே நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விளக்கு எரியும் வண்டி என்றால் கருவியே வாங்காமல், தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் சில நூறு ரூபாய் கொடுத்து ஸ்கேன் போட்டுக்கொள்வதும் நியாயமான முடிவுதான். கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அழிச்சுட்டேன் சார், இனி வராது" என்று சொல்வதற்கு முன் எடுக்க வேண்டும். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் போய்விடும், ஈசியூ கற்றுக்கொண்ட டிரிம் அளவுகளும் பல வண்டிகளில் போய்விடும், அடுத்தவர் வெறுங்கையோடு தேட வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு மலிவு டாங்கிள்கூடப் பணத்தைத் திருப்பித் தரும். விளக்கு எரியவில்லை என்பதை விட்டுவிட்டு, கோட் அழித்த பின் ஓடிய தூரம் என்ற அளவையும், ரெடினஸ் மானிட்டர்கள் (கோட் அழித்த பின் ஈசியூ தானே நடத்தும் சோதனைகள்) முடிந்தனவா என்பதையும் பாருங்கள். "ஆறு மாசமா ஒரு கம்ப்ளெயின்டும் இல்லீங்க" என்று சொல்லும் வண்டியில் அழித்த பின் ஓடிய தூரம் 14 கிலோமீட்டர் என்று காட்டி, கேட்டலிஸ்ட் மானிட்டரும் முடியாமல் இருந்தால், ஒன்று பேட்டரியைச் சமீபத்தில் கழற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் காலையில்தான் கோடை அழித்திருக்கிறார்கள். அந்த வண்டியை அடிவாரத்திலிருந்து மேலே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.